மே 1 கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்: வீட்டுத் தீயைப் பற்றியும் பேசுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கிராமங்களில் மே 1ஆம் தேதி கிராம சபைக்கு வரப்போகிற பெரியவர்களே, மகளிர் குழு அக்காமார்களே, வணக்கம்.

தூர்வாருவது, நூறு நாள் வேலை, குடிதண்ணீர் என்று அன்றைக்குப் பேச நிறைய இருக்கும். அதோடு வீட்டுத் தீயைப் பற்றியும் அரைமணி நேரம் பேசித் தீர்மானம் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கூடத்தில் பிடித்த தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அப்புறம் பள்ளிக்கூடங்களில் கீற்றைப் பிரித்தார்கள், சரி. ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து தூங்குகிற வீட்டில் இன்னும் கீற்று இருக்கிறது. அதுக்கு மேல் தார்ப்பாய், கீழே விறகடுப்பு, அதே மூலையில் காஸ் சிலிண்டர், கொல்லையில் வைக்கோல் போர். மாடி வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும், மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம் இல்லையா.

நம் பக்கம் இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல்தான் திறப்பார்கள். கீற்று காய்ந்து சருகாகக் கிடக்கிற சித்திரை, வைகாசியில்தான் வாய்க்காலிலும் தண்ணீர் இருக்காது. தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வந்து சேர நேரமாகும், கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தால் மறுபடி எங்கே நிரப்புவது என்று யாரும் யோசித்து வைப்பதில்லை. அதனால் கோடையிலும் தண்ணீர் நிற்கிற ஒரு குளத்தையாவது பார்த்து, வண்டி கரை வரைக்கும் போக வழி விட்டு வையுங்கள். யார் கொல்லையில் போர்வெல் இருக்கிறது, யாரிடம் டீசல் என்ஜினும் நீளமான ஓஸும் இருக்கிறது என்று எழுதித் தெருவில் ஒட்டுங்கள். டீசல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: தீப்பிடித்ததும் முதல் வேலையாகக் கரண்டை நிறுத்தச் சொல்வோம், நிறுத்தினால் மின் மோட்டார் ஓடாது.

வண்டி வரும்வரை தெருக்காரர்கள்தான். பக்கத்துக் கூரையில் ஈரச்சாக்கைப் போடவும், தொரட்டியால் கீற்றை இழுத்துப் பிரிக்கவும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இளவட்டங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வயரிங் விஷயத்தில் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கூரைக்கடியில் முறுக்கிச் சுற்றிய வயர், அதை எலி கடித்திருக்கும், ஃபியூஸ் போன இடத்தில் தடிமனான செம்புக் கம்பி. ஃபியூஸ் உருகுவதே நம்மைக் காப்பாற்றத்தான், அதை உருகவிடாமல் செய்தால் வயர்தான் சூடாகித் தீப்பிடிக்கும். ஊருக்கு ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து, கீற்று வீடுகளிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகப் பார்க்கச் சொல்லலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி பொருத்துவதற்கு மகளிர் குழுக் கடனில் இடம் கொடுங்கள் அக்கா.

காஸ் டியூபில் தேதி அச்சடித்திருக்கும், தேதி தாண்டினால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடணும். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து காஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குக் கூப்பிடணும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டால் மூடினால் போதும்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது நடக்கமுடியாத பாட்டியையோ சின்னப்பிள்ளையையோ உள்ளே விட்டு வெளியில் பூட்டிக்கொண்டு போகிறோம். வேறு வழியில்லாமல்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் தீப்பிடித்தால் அவர்களால் வெளியே வரமுடியாது. பூட்டாமல் போகும்படி, பார்த்துக்கொள்ள ஒரு அக்கம்பக்கத்து ஆளைத் தெருவே பேசி ஏற்பாடு செய்ய முடியும், இதைச் சபையில் கட்டாயம் எடுங்கள்.

ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அப்போதுதான் யாரும் பெட்டியை எடுக்க எரிகிற வீட்டுக்குள் திரும்ப ஓடமாட்டார்கள். தீக்காயம் பட்டால் பேஸ்ட், மை எதுவும் வேண்டாம், 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டிவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், கிராம சபைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. பக்கத்து நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, வீரர்களை நம் தெருவுக்கே வந்து செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். வரும்போது அப்படியே குளக்கரை வரைக்கும் அவர்களின் வண்டி போகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடலாம், போகவில்லையென்றால் மே 1 தீர்மானத்தில் அந்த வழிதான் முதலில் வரணும்.