2023–24ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கை நீளமாகப் போய்விட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். அதனால் வழக்கமான விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. ஒரு மாதம் மட்டும் அரங்கத்தை நமக்கும் இன்னொருவருக்கும் ஒரே நேரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைய கூட்டம் வாசல் படிக்கட்டில் நடந்தது. நூலகத்துக்குத் திரும்பி வராத புத்தகங்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. யார் பெயரையும் இங்கே படிக்கப் போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார்.

சரி, இனி ஆண்டின் பொருளுக்கு வருகிறேன். வருடத்துக்கு ஓர் உயிரினம் என்ற வழக்கப்படி இந்த முறை நன்னீர் மட்டி என்று முடிவானபோது, மட்டிக்கு யார் வருவார்கள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவர் என்பது நடவடிக்கைக் குறிப்பேட்டிலேயே பதிவாகியிருக்கிறது. சங்க ஆண்டின் நடுவில், 2023 அக்டோபரில், அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை 21 உயிரினங்களை அற்றுப்போனவை என்று சொல்லி, அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த 21-இல் 8 நன்னீர் மட்டிகள். அதற்குப் பிறகு மட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எட்டில் இரண்டு, அமெரிக்காவின் தெற்கே டோம்பிக்பீ ஆற்றுப் பக்கத்தவை. ஒன்று ஃபிளாட் பிக்டோ. நம் கூட்டங்களில் அதைத் தட்டைப் பன்றிக்குளம்பு என்றே பேசிப் பழகிவிட்டோம். கடைசியாக அதைக் கண்டது 1984இல். டோம்பிக்பீயை டென்னசி ஆற்றோடு இணைத்து, கப்பல் போவதற்காக வெட்டிய நீர்வழியின் வேலை முடிந்ததும் அதே ஆண்டில்தான். வேகமாக ஓடிய ஆறு, அணைகளுக்கு இடையே நிற்கும் குளங்களாக மாறியது. கூழாங்கல் திட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள், எஞ்சியதை வண்டல் மூடியது. இன்னொன்று ஸ்டிரப்ஷெல், அங்கவடி மட்டி. அதைக் கடைசியாகப் பார்த்தது 1986இல். இரண்டையும் பட்டியலில் சேர்த்தது 1987இல்! எட்டில் இன்னொன்றான சதர்ன் ஏகார்ன்ஷெல்லின் கதை இதைவிட மோசம். கடைசியாகக் கண்டது 1973, பட்டியலில் ஏறியது 1993. பட்டியல் என்றால் காப்பாற்றுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தத் தேதிகளை எழுதி முடித்தபோது இரங்கல் குறிப்பு எழுதுவது போலிருந்தது.

இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான, அழியும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் தோற்றுவிட்டது என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். சட்டமே 1973இல்தான் வந்தது, பல ஆறுகளை அதற்கு முன்பே அணைகளால் கட்டிப்போட்டாயிற்று என்று மற்றொருவர் மறுத்தார். இரண்டாமவர் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்பது என் எண்ணம்.

இந்த ஆண்டின் மிகக் கலகலப்பான கூட்டம் மட்டியின் பிள்ளைப்பேறு பற்றியதுதான். மட்டிக் குஞ்சு, அதாவது குளோகிடியம் எனும் இளரி, தானாக வளராது. ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில வாரம் தொற்றிக்கிடந்த பிறகுதான் ஆற்றுப் படுகையில் இறங்கி மட்டியாகும். எல்லா மீனும் உதவாது. பல மட்டிகளுக்குக் குறிப்பிட்ட ஓரிரு வகை மீன்தான் ஒத்துவரும். கண்ணில்லாத மட்டி மீனை வரவழைக்கச் செய்யும் தந்திரங்களைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. சிலவற்றின் சதை மடல் குட்டி மீன் போலவே நெளியும். அற்றுப்போன எட்டில் பல, எபியோபிளாஸ்மா பேரினத்தவை. அந்தப் பேரினத்தில் இன்னும் உயிரோடிருக்கும் ஒன்றுக்கு ஸ்னஃப்பாக்ஸ் என்று பெயர், நம் மூக்குப்பொடி டப்பாதான். லாக்பெர்ச் மீன் கற்களைப் புரட்டி இரை தேடும். அது வந்து மூக்கை நுழைத்ததும் டப்பா படாரென்று மூடிக்கொள்ளும். மீனின் தலையைக் கவ்வியபடியே இளரிகளைச் செவுள் பக்கம் பீய்ச்சிவிட்டுப் பிறகு விட்டுவிடும். வேறு சிறு மீன் அகப்பட்டால் அந்தப் பிடியிலேயே செத்துப்போகலாம். லாக்பெர்ச்சுக்கு மண்டை கெட்டி.

அணை கட்டினால் மட்டிக்கு என்ன என்ற கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. மீன் மேலே வர முடியாமல் போனால் குஞ்சு பிழைக்க வழியில்லை. ஆனால் கிழட்டு மட்டிகள் உடனே சாவதில்லை. பல வகைகள் பத்து இருபது ஆண்டுகள், சில நூறாண்டைத் தாண்டியும் வாழும். மூழ்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு ஆற்றில் மட்டி இருக்கிறது. அதில் இளசு ஒன்றுகூட இல்லை என்பது, ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். இனம் முடிந்துபோய்ப் பல காலம் கழித்துத்தான் கடைசி மட்டி சாகிறது. இதைச் சொன்ன அன்று கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது.

அணைக்கு முன்னால் மட்டிக்கு ஆபத்தாகப் பொத்தான் வந்தது. ஜான் போப்பிள் என்ற ஜெர்மானியப் பொத்தான் தொழிலாளி, 1891இல் அயோவா மாநிலத்து மஸ்கட்டீனில் ஆற்று மட்டி ஓட்டை வட்டமாக வெட்டிப் பொத்தான் செய்யத் தொடங்கினார். 1905இல் அந்த ஒரே ஊரிலிருந்து 150 கோடி பொத்தான்கள் போயின. அவர் 1912இல் இறந்ததும், காலில் மட்டி ஓடு கிழித்த புண் சீழ்வைத்துத்தான். இதை நான் கதை கட்டவில்லை. உறுப்பினர் ஒருவர் அப்படிப்பட்ட பழைய பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் பால் வெள்ளை; திருப்பினால் ஓட்டின் வளைவும் லேசான பழுப்பும் அப்படியே இருந்தன. உதட்டில் வைத்தால் சில்லென்றது, பிளாஸ்டிக் அப்படிக் குளிராது.

காலி ஓடு ஒன்றில் வயதை அறிய வளையங்களை எண்ணவும் முயன்றோம். ஒருவர் 23 என்றார், இன்னொருவர் 27 என்றார். வறட்சியிலோ அதிர்ச்சியிலோ பொய் வளையமும் விழும் என்பதால் சண்டை தீரவில்லை. ஓட்டின் மூக்குப் பகுதி தேய்ந்து வெளுத்திருந்ததால் அதன் இளமைக் காலக் கணக்கு எப்படியும் நமக்குக் கிடைக்காது.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். 2021இல் அற்றுப்போனவை என்று பட்டியலிலிருந்து நீக்கலாம் என முன்மொழிந்த 23 உயிரினங்களில் தந்தமூக்கு மரங்கொத்தியும் இருந்தது. அதைக் கண்டதாகச் சொன்னவர்கள் கிளம்பி, வாதம் நடந்து, கடைசியில் அது நீக்கப்படவில்லை. மட்டி எட்டும் எட்டாகவே போயின. பறவைக்குப் பேச ஆள் இருக்கிறது என்பதில் எனக்கு வருத்தமில்லை, பொறாமைதான்.

முயற்சியே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. அலபாமாவில் மேரியன் என்ற ஊரில் உள்ள நீர்வாழ் பல்லுயிர் மையம் போன்ற இடங்களில், தொட்டி மீன்களின் செவுளில் இளரிகளை ஏற்றி, குஞ்சு மட்டிகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். அதற்குச் சினையுள்ள தாய் மட்டி ஒன்றாவது உயிரோடு வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு நன்னீர் நத்தையைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள். முகம் சுளித்தாலும் குறிப்பேட்டில் ஏற்றுவேன். அப்புறம், அந்தப் பொத்தான் என்னிடம்தான் இருக்கிறது. கொண்டுவந்தவர் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளவும்.

நன்றி.

செயலாளர்