மீன் சின்னம் வெள்ளைக்காரர் கொடுத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சமஸ்தானங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். முஸ்லிம் மன்னர்களிடம் அரச சின்னம் என்ற வழக்கமே இருந்ததில்லை, எல்லாம் 1877-ல் விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க நடத்திய டெல்லி தர்பாரில் ஆங்கிலேயர் வரைந்து கொடுத்தவைதான் என்று அதில் இருந்தது. பழைய நாணயங்கள் சேகரிக்கும் எனக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை.

லக்னோவிலிருந்து ஆண்ட அவத் மன்னர்களின் வெள்ளி ரூபாய் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று, 1819-ல் முடிசூடிக்கொண்ட காஜியுத்தீன் ஹைதருடையது. ஒரு பக்கம் பாரசீக எழுத்து. மறுபக்கம் இரண்டு மீன்கள், மேலே கிரீடம், இருபுறமும் கொடி பிடித்த புலிகள். மற்றது கடைசி மன்னர் வாஜித் அலி ஷாவுடையது. அதில் புலிகள் போய்க் கடல்கன்னிகள் வந்துவிட்டார்கள். 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் நாட்டைப் பறித்துக்கொண்டது. தர்பார் நடந்தபோது அவத் என்றொரு அரசே இல்லை. பிறகு அந்தச் சின்னத்தை அங்கே யார் யாருக்குக் கொடுத்திருக்க முடியும்?

கிரீடமும், இருபுறம் விலங்குகளை நிறுத்துவதும் ஐரோப்பியப் பாணிதான், மறுக்கவில்லை. ராபர்ட் ஹோம் என்ற ஆங்கிலேய ஓவியர் ஹைதரின் அரசவையிலேயே இருந்தார். ஆனால் மீன் அதற்கு முந்தையது. முகலாயப் பேரரசர்கள் பெரிய பிரபுக்களுக்கு அளித்த உயர்ந்த மரியாதை 'மாஹி மராத்திப்'. கம்பின் முனையில் உலோக மீனைப் பொருத்தி, யானை மேல் ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள்.

எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கதை இன்னும் பழையது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 13-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பைபர்ஸ் தன் நாணயங்களிலும், கட்டிய பாலங்களிலும் சிங்கத்தைப் பொறித்தார். அவருடைய அமீர்களில், அதாவது படைத்தலைவர்களில், பலர் சிறுவயதில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டவர்கள். அரண்மனையில் பானம் பரிமாறியவருக்குக் கோப்பை, எழுத்து வேலை பார்த்தவருக்குப் பேனாப் பெட்டி, போலோ மட்டைகளைக் கவனித்தவருக்கு அந்த மட்டைகள்தான் சின்னம். அமீராக உயர்ந்த பிறகும் அதை மறைக்கவில்லை. மசூதி விளக்கிலும் பித்தளைத் தட்டிலும் வாசல் கல்லிலும் பெருமையோடு பதித்துக்கொண்டார்கள். பரம்பரைப் பெருமை பேசும் சின்னங்களைவிட இது எவ்வளவு மேலானது!

1877-ல் ராபர்ட் டெய்லர் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி பல சமஸ்தானங்களுக்குப் புதிதாகச் சின்னம் வரைந்தது உண்மை. ஆட்டோமன் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதும் 1882-ல் ஐரோப்பிய மாதிரியில் ஒன்றை ஏற்றுக்கொண்டார். சரி, அதையும் எழுதலாம். அதை மட்டுமே எழுதினால், படிக்கும் பிள்ளைகள் அதற்கு முன்னால் எதுவுமே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். உத்தரப் பிரதேச அரசு முத்திரையில் இன்றும் இருக்கும் இரண்டு மீன்கள் அவத் மீன்கள்தான் என்பதையாவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

ஒரு சிறு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாணயங்களின் புகைப்படம் தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.

நாணயம் சேகரிக்கும் வாசகர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி