அந்தக் காலத் தணிக்கை யாரைக் காத்தது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு வசனம் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அந்தக் காலத்தில் தணிக்கை ஒழுங்காக இருந்ததாம், அதனால்தான் குடும்பமாகப் போய்ப் படம் பார்க்க முடிந்ததாம், இப்போது எல்லாவற்றையும் திறந்துவிட்டார்களாம். உங்களுக்குத் தெரியாத சினிமா இல்லை. தெரிந்திருந்தும் இதை எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொழும்புக்கு வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றை அம்மாவோடும் சின்னம்மாவோடும் ஓடீசி என்ற வகுப்பு ஆசனத்தில் இருந்து பார்த்தவள். அந்தப் படங்களில் வில்லன் பெண்ணைத் துரத்துவான், கதவைச் சாத்துவான், சேலையைப் பிடித்து இழுப்பான். அந்தக் காட்சி நிமிடக்கணக்கில் நீளும். விருப்பப்பட்ட இருவர் முத்தமிட வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு பூக்கள் முட்டிக்கொள்ளும். கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைவான், அரங்கம் கைதட்டும். வாய்காட்டுகிற பெண்ணை அடக்கி ஒடுக்கினால்தான் படம் சுபமாக முடியும். சின்னம்மா தலையைக் குனிந்துகொள்வா. அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பா. கட்டுரையாளர் சொல்கிற குடும்பப் படம் எங்களுக்கு இப்படித்தான் இருந்தது. இந்தியத் தணிக்கையில் 1983 வரை யூ (எல்லோருக்கும்), ஏ (வயது வந்தோருக்கு மட்டும்) என்ற இரண்டே வகைதான் என்பதையும் அவர் சொல்லவில்லை. சிறுவர் பார்க்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியே அதற்கு முன் சான்றிதழில் கிடையாது.

ஒருமுறை உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் தாங்கள் பார்த்த படத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். கெடுத்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்து முடிக்கிற ஒரு படத்தைப் பற்றி எழுதிய பிள்ளை, "இறுதியில் அவளுக்கு நீதி கிடைத்தது" என்று முடித்திருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, பிழையில்லாத தமிழ். எனக்குப் புள்ளி போடக் கை வரவில்லை. அவளைக் கூப்பிட்டு இருத்தி நெடுநேரம் கதைத்தேன். எல்லோரும் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்த படம் அது. அதைப் பார்த்து அனுமதித்தவர்களுக்கு அந்த முடிவில் ஒரு குற்றமும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, இன்னும் பின்னால் போனால் சுத்தமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1950இல் வந்த 'பொன்முடி' படத்தின் காதல் காட்சிகளுக்கு அன்றே கண்டனம் எழுந்தது. அப்படிப்பட்ட காட்சிகளை அந்தக் காலத்துத் தணிக்கை விட்டிருக்கிறது. அதற்கும் முன், வெள்ளைக்காரன் காலத்துத் தணிக்கைக்கு உண்மையான பயம் வேறு இடத்தில் இருந்தது. சுதந்திரப் போராட்டத்தை ஆதரித்த படமான கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' 1939இல் வந்து மாதக்கணக்கில் அரங்கு நிறைந்து ஓடியது. சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு அதே படத்துக்குத் தடை வந்தது. படத்தில் ஒரு காட்சி கூடவில்லை, குறையவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள்தான் மாறினார்கள்.

அளவுகோல் மாறுவதைப் பற்றி எழுத வருகிறவர் இதையல்லவா எழுத வேண்டும்? இந்தியாவில் திரைப்படத் தணிக்கையை ஆராய அரசு அமைத்த கோஸ்லா குழு 1969இலேயே, கதைக்குத் தேவையானால் முத்தக் காட்சியை வெட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. பெண்கள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த நாட்டின் 1991 தணிக்கை வழிகாட்டிக் குறிப்புகள் தெளிவாகச் சொல்கின்றன. எதைப் பார்த்து நாங்கள் தலை குனிந்தோமோ அதைப் பிழை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஏட்டில் உள்ளது எல்லாம் திரையில் நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இதைச் சீரழிவு என்று எப்படிச் சொல்வது?

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையில் இலங்கை என்ற பெயரே இல்லை. கொழும்பில் அச்சாகும் பத்திரிகை இது. இங்கே தணிக்கைச் சபை இன்னும் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படத்தை 2000இல் அரசு நிறுத்தியது. போரில் செத்ததாகச் சொல்லப்பட்ட மகனின் பெட்டியைத் திறக்கத் துணிந்த பார்வையற்ற தகப்பனின் கதை அது. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திரைக்கு வந்தது. அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' படத்துக்குச் சபையே வயது வந்தோருக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்திருந்தது. 2006இல் மேலிடத்தில் தடுத்தார்கள். 2013இல் சஞ்சீவ புஷ்பகுமாரவின் 'இகில்லென மாளுவோ' கொழும்பில் ஒரு விழாவில் காட்டப்பட்டதும் தடை வந்தது. அந்தப் படங்களில் உள்ளதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்பதில்லை. சிங்களப் படங்களை நான் பார்த்த அரங்குகளில் தமிழில் வசனவரி போட்டதுமில்லை, அரைவாசியை ஊகித்துத்தான் பார்த்திருக்கிறேன். அது தனி வழக்கு.

நம்மவர்களையும் சொல்லத்தான் வேண்டும். ஜூட் ரத்னம் தமிழ் ஆயுத இயக்கங்களையும் விமர்சித்து எடுத்த ஆவணப்படத்தை 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து எடுக்க வைத்தது எந்தச் சபையும் இல்லை, நம் ஆட்களின் எதிர்ப்புத்தான். பார்த்தவர்கள் பேசி மறுத்திருக்கலாம். பார்க்கவே விடாமல் செய்துவிட்டார்கள். அதற்காக அன்று ஒரு வரி கண்டித்து எழுதியிருந்தேன். என் கடிதத்தில் பாதி வெட்டுப்பட்டு, அந்தப் பகுதி இல்லாமல் வந்தது. இடம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் நம்ப விரும்புகிறேன்.

பிறகு தொலைக்காட்சி. 2006ஆம் ஆண்டுப் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு சிகரெட்டையும் போத்தலையும் மங்கலாக்கி மறைக்கிறார்கள். பிள்ளைகள் புகைக்கப் பழகக்கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் சிகரெட்டை மறைத்த அதே காட்சியில் கத்தி கழுத்தில் இறங்குவது பளிச்சென்று தெரிகிறது. கையில் உள்ள கிளாஸை மறைத்தவர்கள், அந்தக் கை மனைவியை அறைவதை மறைக்கவில்லை. மாலை நேரத்தில், வீட்டில் சின்னதுகள் இருக்கும் நேரத்தில்.

இவ்வளவும் எழுதக் காரணம் அண்மையில் நடந்தது. தங்கையின் பேத்தியைக் கொழும்பில் ஒரு திரையரங்குக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைக்கு வயது ஒன்பது. ரிக்கெட் கொடுத்தவர் பிள்ளையைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. படம் தொடங்கும்போது திரையில் இந்தியச் சான்றிதழ் வந்தது, யூஏ 16 பிளஸ் என்று. பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கலாம் என்ற யூஏ வகையை இந்தியாவில் 2023இல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்களே, அதுதான். வெட்டும் குத்தும் தாங்காமல் பிள்ளை என் மடியில் முகத்தைப் புதைத்தது. இடைவேளைக்கு முன்பே எழும்பி வந்துவிட்டோம். பொறுப்பாளரிடம் கேட்டேன். "அது இந்தியாவுக்கு அம்மா, எங்களுக்கு இல்லை" என்றார். அப்போது நம் சபை என்ன தரம் கொடுத்தது என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. அரங்க வாசலிலோ சுவரொட்டியிலோ நான் தேடிய அளவில் அப்படி ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

உங்கள் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எந்தப் படம் எந்த அரங்கில் எத்தனை மணிக்கு என்று பட்டியல் வருகிறது. அதில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இலங்கைத் தணிக்கைச் சபை கொடுத்த தரத்தையும் போடுங்கள். வயது வந்தோருக்கு மட்டும் என்றால் அதையே போடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிற எங்களைப் போன்றவர்கள் வாசலில் ரிக்கெட் எடுக்க முன்பே தெரிந்துகொள்வோம். விநியோகத்தர்களிடம் உங்கள் நிருபர் கேட்டால் அவர்கள் தராமல் இருக்க முடியாது.

இந்த முறை கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால், யாழ்ப்பாணத்தைப் பற்றிய பகுதியை வைத்துவிட்டு வேறு எதையாவது எடுக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06