ஃபிட்டிங் மட்டும் வைத்துக் கடை ஓடுமா?

அன்புள்ள செந்திலுக்கு,

பெங்களூருவில் பைக் ஃபிட்டிங், அதாவது ஓட்டுகிறவர் உடம்புக்கு ஏற்றபடி சைக்கிளின் சீட்டையும் ஹேண்டிலையும் சரிசெய்வது, அதை மட்டும் செய்கிற கடை போட நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். நாளுக்கு 3 பேர், மாதம் 25 நாள் என்று போட்டிருக்கிறாய். நடக்காது கண்ணு. ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போகிறவர்கள், சனி ஞாயிறில்தான் வருவார்கள். ஆளுக்கு இரண்டரை மணி நேரம். அந்த 8 நாளும் நிரம்பினாலே 24 பேர்தான். 5,000 வாங்கினால் 1,20,000. வாடகை, உதவியாள் சம்பளம், ஓட்டுகிறவரின் அசைவை அளக்கும் த்ரீடி கேமராவின் தவணை எல்லாம் இதிலேதான் போகணும்.

வேலை சுத்தமாக இருந்தால் அந்த ஆள் அடுத்த பைக் வாங்கும்வரை திரும்ப வரமாட்டார். திரும்பி வருகிறவர் வலியோடுதான் வருவார், அதற்குக் காசு கேட்க முடியாது. அதற்குப் போகும் ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்.

அதனால் சர்வீஸ் கடைக்குள் ஓர் அறையாக வை. செயினும் பிரேக் பேடும் வாடகையைக் கட்டும். 70 முதல் 120 மி.மீ. வரை ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடித்திருக்கும் துண்டு), 143, 155 மி.மீ. அகலத்தில் சீட், எல்லாம் கையிருப்பில் இருக்கட்டும். ஸ்டெம் மாற்றணும் என்று சொல்லிவிட்டு ஆர்டர் போட்டால், அவர் ஆன்லைனில் வாங்கிக்கொள்வார்.

கேமரா பிறகு பார்க்கலாம். சைக்கிளை ஒரே இடத்தில் வைத்து மிதிக்க ஒரு டிரெய்னர், கோணமானி, தூக்குக்குண்டு, பக்கவாட்டில் ஒரு ஃபோன் போதும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி மடிப்பு 25–35 டிகிரி, மிதிப்பதை நிறுத்தச் சொல்லி அளந்தால். முட்டிக்கு முன்னால் வலி என்றால் சீட் தாழ்வாக இருக்கிறதா பார். பின்னால் வலித்து இடுப்பும் ஆடினால் சீட் அதிக உயரம். விரல் மரத்தால் ஹேண்டில் தூரத்தை மட்டும் பார்க்காதே, சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் பாரமெல்லாம் கைக்குத்தான் வரும். பழைய உயரத்துக்கு டேப் ஒட்டிவிட்டு 3–5 மி.மீ. மட்டும் நகர்த்து. கிளீட்டையும் (ஷூவைப் பெடலோடு பூட்டும் கட்டை) சீட்டையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் வலி வந்தது என்று உனக்கே தெரியாது.

சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்ட் கார்பனாக இருந்தால், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் கை வைக்காதே. அதில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் இறுக்கி ஒன்று விரிசல் விட்டால், நாலு பேரிடம் வாங்கிய காசு போச்சு.

ஃப்ரேமே பெரிதாக வாங்கியவருக்கு ஸ்டெம் மாற்றித் தீராது. பணம் வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடு. அவரையே வாங்கும் முன் பிடிக்க முடிந்தால் நல்லது. பைக் விற்கும் கடைக்காரர்களிடம் பேசு: அளவு பார்க்க 1,000, பிறகு ஃபிட்டிங்குக்கு வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். ஃபிட்டிங் இல்லாமல் சர்வீஸ் மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டு அனுப்பு. அது வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அம்மா