ஊசி அறையில் பராக்குக் காட்ட ஒருவர் வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

அட்டவணைப்படி ஒரு குழந்தைக்கு 6-வது வாரமும் 14-வது வாரமும் ஒரே நாளில் 3 ஊசிகள். அப்புறம் 9-வது மாதம், ஒன்றரை வயது, 5 வயது, பள்ளிக்கூடத்தில் 10 வயதும் 16 வயதும். வீடு தேடி வந்து நினைவூட்டி, இவ்வளவையும் இலவசமாகப் போடுகிறீர்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். நான் கேட்பதெல்லாம் ஊசி இறங்கும் அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான்.

பிள்ளையை மேசையில் மல்லாக்கக் கிடத்தி, பாட்டி காலை அமுக்க, அம்மா கையைப் பிடிக்க, ஆளாளுக்கு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பதறுகிறோம். என்னவோ நடக்கப்போகிறது என்று அந்தக் குரலிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. "வலிக்கவே வலிக்காது" என்று சொன்னால், அடுத்த தடவை நம் பேச்சை அது நம்பாது. சேட்டை செய்தால் ஊசி போட்டுவிடுவார்கள் என்று வீட்டில் மிரட்டுகிற பெற்றோரையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

எனக்குத் தெரிந்த செவிலியர் அக்கா ஒருவர் வேறு மாதிரி செய்வார். அம்மா மடியிலேயே பையன் உட்கார்ந்திருந்தான். சட்டையில் பஸ் படம். மருந்தை எடுப்பதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டார். "இந்த பஸ் எந்த ஊருக்குப் போகுது?" "மதுரைக்கு." "டிரைவர் யாரு?" "எங்க தாத்தா." "தாத்தா ஹாரன் எப்படி அடிப்பாரு?" கன்னத்தை உப்பிக்கொண்டு அவன் "பாஆஆம்" என்று ஊதும்போது ஊசி போட்டு முடிந்திருந்தது. அழுதான், ஆனால் கொஞ்ச நேரம்தான். அவர் விடவில்லை. "பஸ் நிக்குதே, யாரோ ஏறணுமாம்" என்று தொடர்ந்தார்.

கவனம் வேறு பக்கம் இருந்தால், அதே ஊசியின் வலியை மூளை குறைவாகவே உணர்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2018-இல் 59 ஆய்வுகளை, 5,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தது. கவனத்தைத் திருப்புவது உதவுகிறது என்று சொன்னது. இன்னும் வலுவான சான்றுகள் தேவை என்பதையும் சேர்த்தே சொன்னது. தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த பரிந்துரைகளிலும் இது இருக்கிறது. கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் கொடுத்தபடியே போடலாம். சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள் என்கிறது.

நிலாவையும் காக்காவையும் காட்டிச் சோறு ஊட்டுகிறவர்கள் நாம். பராக்குக் காட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஊசி அறையில் அது யாருடைய வேலையும் இல்லை. செவிலியர் ஒரே ஆளாக அட்டையில் எழுதி, மருந்தை எடுத்து, ஊசியும் போட வேண்டியிருக்கிறது. வெளியே வரிசை நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அங்கன்வாடிப் பணியாளராக இருக்கலாம், பிள்ளையின் அம்மாவாகவே இருக்கலாம். "நான் ஊசியைப் பார்த்துக்கிறேன், நீங்க கிலுகிலுப்பையை ஆட்டுங்க" என்று செவிலியர் சொன்னாலே போதும், பதறுகிற அம்மாவுக்கும் ஒரு வேலை கிடைக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்குச் சோப்புக் குமிழி நல்லது. ஊதும்போது மூச்சு நீளும், உடம்பும் தளரும்.

பள்ளி முகாம்களில் ஒரு திரை கட்டுங்கள். முன்னால் நிற்பவன் அழுவதைப் பார்த்தபடியே வரிசையில் நகரும் 10 வயதுப் பிள்ளைக்கு, தன் முறை வரும் முன்பே கைகால் நடுங்கத் தொடங்கிவிடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தையல் போடவும், முறிந்த எலும்பைச் சேர்க்கவும் பராக்கு மட்டும் போதாது. அங்கே மரத்துப்போக மருந்து கொடுத்தே ஆக வேண்டும். செல்போனில் கார்ட்டூன் ஓடுகிறது என்று அதைத் தவிர்த்துவிடக் கூடாது.

கிராம சுகாதார செவிலியர்களுக்கான அடுத்த பயிற்சியில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அக்காவைப் போன்றவர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருப்பார்கள். அவர்களையே அழைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஊசி அறைக்கு வாங்கும் பொருட்களின் பட்டியலில் கிலுகிலுப்பையையும் குமிழிப் புட்டியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்