பெல்ட் கொடுத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிக வளாகக் கட்டுமானத்தில் சாரம் சரிந்தோ லிஃப்ட் குழிக்குள் விழுந்தோ தொழிலாளி இறந்த செய்தி வரும்போதெல்லாம், பாதுகாப்பு பெல்ட் அணியாததே காரணம் என்ற விளக்கமும் கூடவே வந்துவிடுகிறது. 27 ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிச்சுவர்ப் பூச்சில் இருந்த கொத்தனார் ஒருவர் பெல்ட் அணிந்துதான் இருந்தார்; கொக்கியை மாட்ட வேறிடம் இல்லாததால், தாம் நின்ற சாரத்தின் சவுக்குக் கம்பிலேயே மாட்டியிருந்தார். முந்தைய இரவு மழையில் கயிற்றுக் கட்டு நெகிழ்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. கம்போடு சேர்ந்து இரண்டாம் தளத்திலிருந்து விழுந்தவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன்பின் எழுந்து நடக்கவில்லை. விபத்துப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அதன்கீழ் நானும் கையெழுத்திட்டேன்.

20 அடியிலிருந்து விழுபவர் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். விழும் உடலை நடுவில் நிறுத்தும் கயிறு அவர் எடையைப்போலப் பல மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டியிருப்பதால், சாரத்தோடு தொடர்பில்லாமல் கான்கிரீட் தூண்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிவடத்தில்தான் கொக்கியை மாட்ட வேண்டும். லிஃப்ட் குழியும் அப்படித்தான். தலையில் மணல் சட்டியோடு வரும் சித்தாளுக்குத் தம் காலடி தெரியாது. குழியின் மேல் சும்மா போட்ட பலகையைச் சென்ட்ரிங் வேலைக்கென்று யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். ஆணியடித்து இறுக்கியிருந்தால்தான் அது மூடி.

1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 500 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. பணியிடப் பாதுகாப்புக்கான 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆகக் குறைத்தது. நான் பார்த்த நான்கைந்து மாடி வளாகங்களில் 60 பேர் இருந்தாலே அதிகம்.

ஒப்பந்தப்புள்ளியில் பாதுகாப்புச் செலவு மொத்தத் தொகைக்குள் மறைந்திருப்பதால், குறைந்த விலை கேட்பவர் முதலில் கைவைப்பது அதில்தான். விளிம்புத் தடுப்பு, வலை, கம்பிவடம் ஆகியவற்றை மதிப்பீட்டில் தனித்தனி இனங்களாகக் காட்டி, சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் போலவே அளந்து பில் கொடுக்க வேண்டும். கீழ்த்தளத்தின் விளிம்பும் குழிகளும் அடைக்கப்பட்டதைப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திடாமல், மேல்தளக் கான்கிரீட்டுக்கு அனுமதிக்கவே கூடாது. அரசு கட்டும் வளாகங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்.