ஏரிக்கரையில் வலை வீசும் முன்

அன்புள்ள கயலுக்கு,

தை மாதம் உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நீர்ப்பூச்சி பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னாய். நல்ல காலம்தான். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும், ஓரத்தில் கோரையும் வேலம்பாசியும் தழைத்திருக்கும். பள்ளிக்கரணை வேண்டாம். 2022இல் ராம்சர் தலமான, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட, சென்னைச் சதுப்பு அது. அங்கே பறவை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊராட்சியில் சொல்லிவிட்டு, சாக்கடை கலக்காத ஊர் ஏரி ஒன்றுக்குப் போ.

முந்தின நாளே நீ மட்டும் போய்க் கரையோரம் மூங்கில் கழியால் குத்திப் பார். மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாது. முழங்கால் ஆழம் அடுத்த எட்டில் ஆள் ஆழமாகிவிடும். மதகுப் பக்கம் யாரும் போகக் கூடாது. நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும். ஒருவரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் குந்தினாலே போதும். கை காலில் புண் இருக்கிற பிள்ளைக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடு, ஈரத்தில் கை வைக்க விடாதே. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். கொசு விரட்டும் களிம்பு பூசிய கை தட்டுக்குள் போனால் பூச்சி செத்துவிடும், அதையும் முன்பே சொல்லிவை.

பெரிய டீ வடிகட்டியை மூன்றடிக் குச்சியில் இறுகக் கட்டினால் வலை தயார். தட்டு வெள்ளையாகவே இருக்க வேண்டும், மற்ற நிறத்தில் பழுப்புப் பூச்சி கண்ணில் படாது. அதில் முதலில் இரண்டு விரல்கடை ஏரித் தண்ணீர் ஊற்றி நிழலில் வை. பிள்ளைகள் அடிச்சேற்றை வாரத்தான் பார்ப்பார்கள். வாரினால் தட்டு குழம்பிவிடும், பூச்சிகளின் செவுளிலும் சேறு அடைக்கும். அதைவிட ஓர் ஆகாயத்தாமரைச் செடியைத் தூக்கி, வேரைத் தட்டுக்குள் அலசச் சொல். அந்தக் கறுத்த வேர்க்கற்றைக்குள்தான் நத்தையும் இறாலும், இறக்கை முளைக்கும்வரை தண்ணீரிலேயே வளரும் தட்டான் குஞ்சும் ஒளிந்திருக்கும். அலசியபின் ஐந்து நிமிடம் யாரும் தட்டை அசைக்கக் கூடாது. தூசி படிந்ததும் பூச்சிகள் தானாக நகரத் தொடங்கும்.

பெயரை நீ முதலில் சொல்லிவிடாதே, கயல். சொன்னால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். எத்தனை கால், வால் நுனியில் என்ன, மூச்சுக்கு மேலே வருகிறதா, எப்படி நீந்துகிறது என்று கேள். ஆறு கால் என்றால் பூச்சி. வால் நுனியில் இலைபோல மூன்று செவுள் நீட்டிக்கொண்டிருந்தால் ஊசித்தட்டானின் குஞ்சு. உடல் தடித்து, பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பாய்ந்தால் தட்டானின் குஞ்சு. அதன் அருகே ஒரு கொசுப்புழுவை விட்டு லென்ஸில் பார்க்கச் சொல்: முகத்துக்கடியில் மடித்து வைத்த கீழுதடு கைபோல நீண்டு கவ்வி இழுக்கும். அதனால்தான் தட்டான் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, தின்றுவிடும்.

நீர்த்தேளின் வாலைக் கண்டு பயப்படுவார்கள். அது கொடுக்கு இல்லை, மூச்சுக்குழல். ஆனால் அதன் வாய் குத்தும். முதுகு நிறைய முட்டை சுமக்கும் தட்டைப் பூச்சி வந்தால் அது ஆண். அதுவும் வலிக்கக் குத்தும். இரண்டையும் கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

கோரைத் தண்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் தட்டான் சட்டையை, அதாவது குஞ்சு உரித்துவிட்டுப் போன தோலை, தேட விடு. முதுகு பிளந்திருக்கும், அந்தப் பிளவில் வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். குஞ்சின் உடலுக்குள் ஓடிய மூச்சுக்குழாய்களின் உள்தோல் அது. இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், தீப்பெட்டியில் பஞ்சு வைத்து.

போன் செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாதே. குஞ்சுப் பருவத்தில் இனம் வரை பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். 'ஊசித்தட்டான் வகை' என்று எழுதினால் போதும், தப்பான பெயரைவிட அது மேல்.

அரைமணியில் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே, தட்டைத் தண்ணீரோடு சாய்த்து விட்டுவிடு, உயரத்திலிருந்து கொட்டாதே. செடியைத் திரும்பப் போடுமுன் வேரில் நத்தை ஒட்டியிருக்கிறதா பார். சோப்பும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் மறக்காதே. கை கழுவிய பிறகுதான் சுண்டல்.

அன்புடன்,
அப்பா